மரத்தரை பழுது: அறிகுறியப் பார்த்து காரணத்தப் பிடிக்கறது எப்படி

மலேசியாவுல கே.எல்.ல (கோலாலம்பூர்) மரத்தரை போடறதும் பழுது பாக்கறதும்தான் என் வேலை, 18 வருஷம் ஆச்சு. ஸ்கூல் லீவுல அப்பாவோட செந்தூல்ல பார்கெட் (சின்னச் சின்ன மரக்கட்டைத் தரை) ஒட்டப் போன நாளெல்லாம் இதுல சேர்க்கல. ஃபோன் பண்றவங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "தம்பி, பலகை தூக்கிக்கிச்சுப்பா, சேண்ட் பண்ணி வார்னிஷ் அடிச்சா எவ்வளவு ஆகும்?" நேர்ல போய்ப் பார்த்தா முக்காவாசி வீட்டுல மரத்துல ஒரு குறையும் இருக்காது, எங்கேயோ தண்ணி வந்துக்கிட்டு இருக்கும், அத விட்டுட்டு மேல மேல சேண்ட் பண்ணி மரத்தத் தேய்ச்சே தீர்த்திருப்பாங்க. கெம்பாஸ், மெர்பாவ், செங்கால் எல்லாம் ஒழுங்கா வச்சுக்கிட்டா பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடற மரம், அத குப்பை லாரில ஏத்தறதப் பாக்கறப்போ மனசு கேக்கல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

உங்க வீட்டுத் தரை என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசே ஆகாத காரணம் முதல்ல வரும், பெரிய செலவு கடைசில வரும். அந்த வரிசையிலயே பாருங்க, தாண்டிப் போகாதீங்க.

## முதல்ல கையில எடுத்து வச்சுக்க வேண்டியது

டார்ச்லைட், ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான அலுமினிய ரூலர், பென்சில், மாஸ்கிங் டேப், கொஞ்சம் தெளிவான பிளாஸ்டிக் ஷீட், அப்புறம் ரெண்டு ஊசி வச்ச ஈர மீட்டர். சின்ன மீட்டர் ஹார்ட்வேர் கடையிலயும் ஆன்லைன்லயும் கிடைக்கும், அதுவே போதும். ஆனா ஒண்ணு, அந்த மீட்டர் காட்டற நம்பர அப்படியே நம்பாதீங்க, நம்ம ஊரு கெட்டி மரத்துக்கு அது சரியா செட் பண்ணிருக்காது. நல்லா இருக்கற இடத்துல ஒரு தடவை குத்துங்க, கெட்டுப் போன இடத்துல ஒரு தடவை குத்துங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னுதான் பாக்கணும். ஏர்கோன் போடாத ரூம்ல நல்ல பலகையே 13லேர்ந்து 16 வரைக்கும் காட்டும், அதப் பார்த்து பயப்பட வேண்டாம். பக்கத்துப் பலகை 14 காட்டறப்போ இது மட்டும் 20க்கு மேல காட்டுச்சுன்னா அங்க தண்ணி இருக்கு.

குத்தறப்போ பலகை நடுவுல குத்தாதீங்க, ரெண்டு பலகை சேர்ற இடத்துக்கிட்ட குத்துங்க, ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

## பலகையோட ரெண்டு ஓரமும் தூக்கி, நடுவுல பள்ளம் விழுந்திருக்கு

ரூலர பலகைக்குக் குறுக்க வச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா இதுதான். பலகையோட அடிப்பக்கம் மேல்பக்கத்த விட ஈரமா இருக்குன்னு அர்த்தம். எந்தெந்தப் பலகைன்னு மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க் பண்ணிட்டு எழுந்து நின்னு பாருங்க. அந்த டேப்பு எங்க கூடி நிக்குதோ அதுதான் பாதி பதிலு.

### ரூம் முழுக்க லேசா, எல்லாப் பலகையும்

முதல்ல மொப்பு. தண்ணி சொட்டச் சொட்ட மொப்பு போடற பழக்கம் இருந்தா அத நிறுத்துங்க, நல்லாப் பிழிஞ்ச துணியில துடைங்க, ஒரு மாசம் பொறுங்க. நிறைய வீட்டுல இதோடயே கதை முடிஞ்சிடும். நீராவி வர்ற மொப்பு மரத்துக்கு ஆகவே ஆகாது.

அதுக்கும் அடங்கலன்னா தரைக்கு அடியில இருக்கற காங்கிரீட்டப் பாக்கணும், அது கீழே தனியா எழுதிருக்கேன்.

### ஜன்னல் ஓரமா, பால்கனி கதவு ஓரமா

ஏப்ரல்லயும் அக்டோபர், நவம்பர்லயும் சாயங்கால மழை எப்படி சாய்ச்சு அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். மழை பெய்யறப்போ ஜன்னல் அடியில காஞ்ச டிஷ்யூ பேப்பர் வரிசையா வச்சுப் பாருங்க, எது நனையுதுன்னு தெரிஞ்சிடும். சிலிகோன் விட்டுப் போயிருக்கும், இல்ல ஜன்னல் பிரேம் அடியில தண்ணி வெளிய போற சின்ன ஓட்டை அடைச்சிருக்கும். ரெண்டுமே நீங்களே செஞ்சிடலாம்.

### ஏர்கோனுக்கு நேர் கீழ

இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நான் அதிகமா பார்த்ததும் இதுதான், ஆளுங்க அதிகமா தவற விடறதும் இதுதான்.

செத்தாப்பாக்ல ஒரு அக்கா வீடு, மேல் மாடி பெரிய ரூம்ல கெம்பாஸ் ஸ்ட்ரிப். சுவரு ஓரமா பதினோரு பலகை கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு. முதல்ல வந்தவரு நீங்க மொப்பு அதிகமா போடறீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, அந்த அக்கா ஒரு வருஷம் அந்த ரூம்ல மொப்பே போடல, பாவம், கூட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டாவது வந்தவரு சேண்ட் பண்ணி வார்னிஷ் அடிச்சுக் கொடுத்தாரு. மூணாவதா நான் போனேன். ஸ்கர்ட்டிங்க, அதாவது சுவரு அடியில ஓடற பட்டைய, கழட்டினா சுவத்துல கறுப்பா ஒரு கோடு, விரலால அமுக்கினா பூச்சு தேத்தண்ணில தொட்ட பிஸ்கட் மாதிரி உள்ள போகுது. ஏர்கோன் மூடியத் தொறந்து அந்தத் தண்ணி தேங்கற தட்டுல ஒன்றரை லிட்டர் பாட்டில்லேர்ந்து மெதுவா தண்ணி ஊத்தினேன், அக்காவ வெளிய பைப்புக்கிட்ட நிக்க வச்சேன். "வருதாக்கா?" "ஒரு சொட்டும் வரலப்பா." நாலு நிமிஷம் இருக்கும், சுவத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மணி மாதிரி தண்ணி எட்டிப் பார்த்துச்சு. அப்படியே உருண்டு பலகை இடுக்குல இறங்கிடுச்சு. அந்த அக்கா அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, "ஒரு வருஷமா என்னையத்தானப்பா குத்தம் சொன்னாங்க"ன்னாங்க.

ஏர்கோன் ஆள கூப்பிட்டு சுவத்துக்குள்ள போற டிரெய்ன் பைப்ப வேக்யூம் பண்ணோம், ஜெல்லி மாதிரி சளி சளியா வந்துச்சு. அப்புறம் ஆறு வாரம் ஃபேன போட்டு விட்டுட்டுக் காத்திருந்தோம், மீட்டர் 22லேர்ந்து 15க்கு இறங்குச்சு.

நீங்களும் இந்த பாட்டில் டெஸ்ட்ட செஞ்சு பாருங்க, முதல்ல ஏர்கோன் சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, தண்ணிய தட்டுல மட்டும் ஊத்துங்க, போர்டு பக்கம் போகக் கூடாது. பயமா இருந்தா சர்வீஸ் ஆளு வர்றப்போ அவர்கிட்டயே செய்யச் சொல்லி நீங்க வெளிய நின்னு பாருங்க.

### பாத்ரூம் சுவரு பக்கமா

ரெண்டு வழி இருக்கு, பைப்பு ஒழுகறது ஒண்ணு, தரை ஒழுகறது ஒண்ணு.

பைப்புன்னா, வீட்டுல எல்லா டேப்பும் மூடுங்க, வாஷிங் மெஷினையும் நிறுத்துங்க, தண்ணி மீட்டர்ல இருக்கற சின்ன சக்கரத்தப் பாருங்க. ஒரு மணி நேரம் கழிச்சும் அது நகர்ந்தா எங்கேயோ பைப்பு கசியுது. மேல டேங்க் இருக்கற வீடுன்னா அந்த டேங்க் நிறையட்டும், அப்புறம் பாருங்க, இல்லன்னா டேங்குக்குப் போற தண்ணிய கசிவுன்னு நினைச்சுக்குவீங்க. டேங்க்லேர்ந்து இறங்கற பைப்புல கசிவுன்னா மீட்டர் உடனே காட்டாது, அதுக்கு ராத்திரி டேங்க்குக்கு வர்ற வால்வ மூடிட்டு தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைங்க, காலையில குறைஞ்சிருந்தா தெரியும்.

தரைன்னா, பாத்ரூம் தண்ணி போற ஓட்டைய துணியோ ரப்பர் மூடியோ வச்சு அடைச்சு, ரெண்டு செ.மீ. உயரத்துக்குத் தண்ணி நிறுத்துங்க, பென்சில்ல கோடு போடுங்க, 24 மணி நேரம் விடுங்க. வாசப்படிய தாண்டி ரூமுக்குள்ள வழியாம பார்த்துக்கோங்க. தண்ணி மட்டம் இறங்குச்சுன்னா, இல்ல சுவரு ஓரம் ஈர மீட்டர் ஏறுச்சுன்னா, வாட்டர்ப்ரூஃபிங் போயிடுச்சு. கொண்டோன்னா இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு, கீழ் வீட்டுக்காரங்ககிட்ட மரியாதையா கேட்டு அவங்க பாத்ரூம் சீலிங்கப் பார்த்துட்டு வாங்க. அங்க மஞ்சள் கறை இருந்தா வேற சாட்சியே வேண்டாம்.

இதுக்கு மேல நீங்க செய்ய ஒண்ணும் இல்ல, பிளம்பரையோ வாட்டர்ப்ரூஃபிங் ஆளையோ கூப்பிடுங்க. தண்ணி மேல் வீட்டுலேர்ந்து உங்க வீட்டுக்கு இறங்குதுன்னா மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல எழுத்துல கொம்ப்ளேன் கொடுங்க. மாடிக்கு மாடி நீர்க்கசிவுன்னு 2015ம் வருஷத்து ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) பராமரிப்பு விதிகள்லயே தனியா இருக்கு, கொம்ப்ளேன் கிடைச்ச 7 நாளைக்குள்ள அவங்க வந்து பாக்கணும். வாய்ல சொல்லிட்டு விட்டீங்கன்னா அந்த 7 நாள் எண்ணிக்கை எங்கேயும் இருக்காது, அதனால தேதி போட்ட லெட்டர், ஒரு காப்பி உங்க கையில.

### மண்ணு மேலயே இருக்கற தரைத்தள வீடு, தரை முழுக்க, மழைக்கும் ஏர்கோனுக்கும் சம்பந்தமே இல்ல

மண்ணுலேர்ந்து காங்கிரீட் வழியா ஈரம் ஏறுது, இல்லன்னா காங்கிரீட் காயறதுக்கு முன்னாடியே பலகை ஒட்டிட்டாங்க. லூசா இருக்கற ஒரு பலகையத் தூக்கிட்டு, பிளாஸ்டிக் ஷீட்ட 45 செ.மீ. சதுரமா வெட்டி அடியில இருக்கற ஸ்க்ரீட் (காங்கிரீட் மேல மட்டம் பண்ணப் போடற சிமெண்ட் பூச்சு) மேல வச்சு நாலு பக்கமும் டேப்பால காத்துப் புகாம ஒட்டுங்க. அவ்வளவு இடம் இல்லன்னா இருக்கற இடத்துக்குத் தகுந்த மாதிரி சின்னதா வெட்டுங்க. ஒரு முழு நாள் விடுங்க. பிளாஸ்டிக் அடியில முத்து முத்தா தண்ணி நின்னாலோ ஸ்க்ரீட் கறுத்துப் போயிருந்தாலோ ஈரம் கீழேர்ந்துதான். காஞ்சிருந்தா முழுசா நிம்மதிப்பட முடியாது, ஆழத்துல இருக்கற ஈரம் இந்த டெஸ்ட்ல தெரியாமப் போகலாம். அப்போ காங்கிரீட்ல துளை போட்டு உள்ள புரோப் விட்டு அளக்கற ஆள கூப்பிடணும்.

புதுசா ஸ்க்ரீட் போட்ட வீடுன்னா 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு வச்சுக்கோங்க, நம்ம ஊரு ஈரக் காத்துக்கு அதுக்கும் மேலேயே ஆகும். "மேல காஞ்சிடுச்சு அண்ணே, தொட்டுப் பாருங்க"ன்னு கண்ட்ரேக்டர் சொன்னா ஒத்துக்காதீங்க.

டெவலப்பர்கிட்டேர்ந்து வாங்கின புது வீடு, தரையும் அவங்களே போட்டதுன்னா, சாவி வாங்கின தேதிலேர்ந்து 24 மாசம் டிஃபெக்ட் காலம் (குறைய டெவலப்பரே சரி பண்ணித் தர வேண்டிய காலம்) இருக்கு. அதுக்குள்ள நீங்களா கை வச்சு எதையும் கழட்டாதீங்க, போட்டோ எடுத்து எழுத்துல கொடுங்க.

### தண்ணிய நிறுத்தியாச்சு, இப்ப என்ன

காத்திருங்க. இதுதான் கஷ்டமான வேலை. ஃபேன், ஏர்கோன்ல டிரை மோட், வாரம் ஒரு தடவை மீட்டர் குத்தி நம்பர சுவத்துல ஒட்டின பேப்பர்ல எழுதுங்க. கெட்ட இடமும் நல்ல இடமும் ஒரே நம்பருக்கு வந்து ரெண்டு மூணு வாரம் அசையாம நின்னாத்தான் சேண்டிங் பேச்சே எடுக்கணும். லேசா வளைஞ்ச பலகை தானா படுத்துக்கும், பல வீட்டுல சேண்டிங்கே தேவைப்படல. ஹீட்டர் வச்சு அவசரமா காய வைக்காதீங்க, பலகை வெடிச்சிடும்.

## இப்ப நடுவுல மேடு, ஓரம் தாழ்ந்திருக்கு

முந்தினதுக்கு நேர் எதிர். முதல் கேள்வி: கொஞ்ச மாசம் முன்னாடி சேண்ட் பண்ணீங்களா? பண்ணீங்கன்னா காரணம் அதுதான். ஓரம் தூக்கியிருந்தப்போ அந்த ஓரத்தத் தேய்ச்சு மட்டம் பண்ணிட்டாங்க, அப்புறம் பலகை காஞ்சு படுத்தப்போ தேய்ச்ச ஓரம் பள்ளமாயிடுச்சு. செத்தாப்பாக் அக்கா வீட்டுலயும் இப்படித்தான் ஆச்சு, காஞ்சதுக்கு அப்புறம் மறுபடியும் சேண்ட் பண்ண வேண்டியதாச்சு.

சேண்ட் பண்ணலயேன்னா, மேல தண்ணி ரொம்ப நேரம் நின்னிருக்கு. காய விடுங்க.

மறுபடி சேண்ட் பண்றதுக்கு முன்னாடி மரம் மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க. வாசப்படிகிட்ட இருக்கற உலோகப் பட்டையக் கழட்டினா பலகையோட வெட்டு முகம் தெரியும். முழு மரப் பலகை 18 மி.மீ. கனம் இருந்தாலும் நாக்குக்கு (பக்கத்துப் பலகைக்குள்ள சொருகற ஓரத்துக்கு) மேல இருக்கற மரம்தான் கணக்கு, அது 3 மி.மீ.க்குக் கீழ போயிருந்தா விட்டுடுங்க. எஞ்சினியர்டு பலகைன்னா (பிளைவுட் மேல மெல்லிசா நல்ல மரம் ஒட்டினது) மேல இருக்கற நல்ல மரம் சிலதுல 2 மி.மீ.தான், அதுல மிஷின் வைக்கவே கூடாது, ஒரு தடவை தப்பாப் போனா அடியில பிளைவுட் தெரிஞ்சிடும்.

## தரை கூடாரம் மாதிரி எழும்பிடுச்சு

இது தள்ளிப்போடற விஷயம் இல்ல. கால் வச்சா அமுங்குது, விட்டா எழும்புதுன்னா அடியிலேர்ந்து பலகை முழுசா பிரிஞ்சிடுச்சு.

முதல்ல ஸ்கர்ட்டிங் ஒரு பக்கம் கழட்டிப் பாருங்க. பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல 10லேர்ந்து 12 மி.மீ. இடைவெளி இருக்கணும், சுண்டு விரல் நுனி போகற அளவு. பலகை சுவத்த முட்டிக்கிட்டு நின்னா மரம் விரிய இடம் இல்லாம மேல எழும்பிருக்கு. கதவு நிலைகிட்டயும் பாருங்க, தூண்கிட்டயும் பாருங்க. மிதக்கற மாதிரி, அதாவது அடியில ஒட்டாம, போட்ட தரை மேல கிச்சன் கேபினட்டோ பெரிய அலமாரியோ ஸ்க்ரூ பண்ணி உக்கார வச்சிருந்தாலும் அதேதான், ஒரு பக்கம் ஆணி அடிச்ச மாதிரி பிடிச்சுக்கும்.

வெளிநாட்டு ஓக் போட்டவங்க இத கவனமா படிங்க. அங்க வீட்டுக்குள்ள காத்து காஞ்சிருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி 6லேர்ந்து 9 சதவீத ஈரத்துக்குக் காய வச்சு அனுப்புவாங்க. பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே நம்ம ஊர்ல ஒட்டினா அது காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு விரிஞ்சே தீரும். பலகைய ரூமுக்குள்ள பிரிச்சு வச்சு, மீட்டர் நம்பர் ஏறறது நிக்கற வரைக்கும் விட்டுட்டுத்தான் போடணும். எத்தனை நாள்னு என்னையக் கேக்காதீங்க, மீட்டரக் கேளுங்க.

முட்டறதுதான் காரணம்னா, மிதக்கற தரையா இருந்தா ஸ்கர்ட்டிங் எல்லாம் எடுத்துட்டு மல்டி டூல் வச்சு ஓரத்துல வெட்டி விட்டா ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும், கை நேக்கு உள்ளவங்க செய்யலாம். கோந்து போட்டு ஒட்டினதுன்னா ஆள கூப்பிடுங்க.

வெள்ளத்துல எழும்பினதுன்னா வேற கதை. 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் வீடு வீடாப் போனப்போ நான் எல்லாருக்கும் சொன்னது இதுதான்: மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணாம உள்ள கால் வைக்காதீங்க, லேமினேட்டக் காப்பாத்த முடியாது எடுத்துடுங்க, முழு மரம்னா ஓர வரிசைப் பலகையக் கழட்டி அடியில காத்து போக வழி பண்ணுங்க, சேத்துத் தண்ணி சாக்கடைத் தண்ணியோட கலந்து வந்ததுன்னா அடியில இருக்கற ஃபோம், பிளைவுட் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. செங்கால் மாதிரி மரத்த கழுவிக் காய வச்சு மறுபடி போட்டுக் கொடுத்திருக்கேன், ஆனா மாசக் கணக்குல பொறுமை வேணும்.

## பலகைக்கு நடுவுல இடைவெளி தெரியுது

ராத்திரி பூரா ஏர்கோன் ஓடற ரூமா? அப்படின்னா 1 மி.மீ. வரைக்கும் இடைவெளி வரத்தான் செய்யும். ஏர்கோன் இல்லாம ரெண்டு வாரம் இருந்துட்டு மறுபடி பாருங்க, மூடிக்கிச்சுன்னா விட்டுடுங்க. காஞ்சிருக்கறப்போ புட்டி அடைச்சீங்கன்னா மழைக் காலத்துல பலகை விரிஞ்சு அந்தப் புட்டிய வெளிய தள்ளும், இல்ல பலகையே எழும்பும்.

எந்த மாசம் பார்த்தாலும் 3 மி.மீ.க்கு மேல நிக்குதுன்னா, போடறப்பவே மரம் சரியா காயல. அதே மரத்துல மெல்லிசா பட்டை சீவி கோந்து போட்டு இறக்கணும், தச்சு வேலை தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது கச்சிதமா வரும்.

## நடந்தா கீச்சு கீச்சுன்னு சத்தம்

ஒருத்தர் நடக்கணும், இன்னொருத்தர் முட்டி போட்டு காத தரைகிட்ட வச்சுக் கேக்கணும், சாக்பீஸால மார்க் பண்ணணும். தனியா செஞ்சீங்கன்னா சத்தம் எப்பவும் வேற இடத்துலேர்ந்து வர்ற மாதிரிதான் தெரியும்.

ரெண்டு பலகை ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தம்னா மெல்லிசா கேக்கும், கால் வச்ச உடனே வரும். இடுக்குல முகத்துக்குப் போடற பவுடரத் தூவி, துணி வச்சு அழுத்தித் தேய்ச்சு உள்ள இறக்குங்க. சில மாசம் தாங்கும், திரும்ப வந்தா திரும்பத் தூவுங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

டக்குன்னு ஆணி மேல கீழ போகற சத்தம்னா பலகை அடியிலேர்ந்து விட்டுப் போச்சு. முதல்ல சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூ தலை உள்ள இறங்கற மாதிரி குழி பண்ணி, ஸ்க்ரூ போட்டு, அதே நிறப் புட்டியால மூடுங்க. துளை போடாம நேரா கெம்பாஸ்ல ஸ்க்ரூவ இறக்கினா பலகை பிளக்கும், இல்ல ஸ்க்ரூ தலை உடைஞ்சு உள்ளயே நின்னுடும். அடியில தண்ணி பைப்பு, வயர் எங்க போகுதுன்னு தெரியாத காங்கிரீட் தரையில இத செய்யாதீங்க.

ஸ்க்ரூ போட்டும் சத்தம் போகலன்னா அடியில இருக்கற பிளைவுட் ஆடுது, இல்ல தரை மட்டம் இல்லாம அடியில வெத்திடம் இருக்கு. பலகையத் தூக்காம அது சரியாகாது, அதுக்கு ஆள் வேணும்.

பினாங்குல ஜார்ஜ்டவுன் பழைய கடை வீடுங்க மேல் மாடி எல்லாம் மரச் சட்டத்து மேல பலகை, அங்க வேலை செய்யறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கீழேர்ந்து அண்ணாந்து பார்த்தாலே எல்லாம் தெரியும். சீலிங் அடிக்காத இடத்துல ஒருத்தர் மேல நடக்க, கீழ டார்ச் அடிச்சுப் பார்த்தீங்கன்னா எந்தப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி தொறந்து மூடுதுன்னு கண்ணால பாக்கலாம். அந்த இடைவெளியில மெல்லிசா மர ஆப்பு கோந்து தடவி மெதுவா சொருகினா முடிஞ்சுது, சுத்தியல்ல ஓங்கி அடிக்காதீங்க, பலகை எழும்பிடும். நடக்கறப்போ தரையே ஊஞ்சல் மாதிரி ஆடுச்சுன்னா, இல்ல சட்டம் சுவத்துக்குள்ள போகற நுனியில ஸ்க்ரூடிரைவர் வச்சா உள்ள இறங்குச்சுன்னா, அன்னிக்கே அந்த ரூம்ல நடமாட்டத்த நிறுத்திட்டு கட்டட எஞ்சினியர வரச் சொல்லுங்க. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த அந்த பாரம்பரியப் பகுதிக்குள்ள வீடுன்னா சட்டத்த மாத்தறதுக்கு முன்னாடி மாநகர் மன்றத்துல கேட்டுக்கோங்க.

## தட்டினா உள்ள வெத்துச் சத்தம், பார்கெட் கட்டை கையோட வருது

ஸ்க்ரூடிரைவர் பிடியால ஒவ்வொரு கட்டையாத் தட்டிட்டே போங்க, கெட்டிச் சத்தம், வெத்துச் சத்தம் நல்லாவே பிரியும். வெத்து வர்ற கட்டைக்கெல்லாம் டேப்பு. ஆறேழு கட்டைதான்னா எடுத்து, அடியில இருக்கற பழைய கோந்தச் சுரண்டி, ஸ்க்ரீட் தூசியத் துடைச்சு, மரத்துக்குன்னே விக்கற பாலியூரேத்தேன் கோந்து போட்டு ஒட்டி, மேல கனமா எதையாவது வச்சு ஒரு நாள் விடுங்க. எடுக்கறப்போ கட்டை பின்னாடி நம்பர் எழுதுங்க, அதே இடத்துக்கு அதே கட்டை போகணும். பழைய கறுப்புத் தார்க் கோந்தா இருந்தா காஞ்சபடியே மிஷின் வச்சுத் தேய்க்காதீங்க, அந்தத் தூசிய சுவாசிக்கறது நல்லதில்ல.

ரூம்ல கால்வாசிக்கு மேல வெத்துச் சத்தம்னா, இல்ல விரலால தேய்ச்சா ஸ்க்ரீட்டே மாவு மாதிரி வந்தா, ஒட்டறதுல பயனில்ல, ஸ்க்ரீட்டச் சரி பண்ற ஆளு வரணும்.

## கறை, வார்னிஷ் உரியறது

ஒரு சொட்டு தண்ணி வைங்க, பத்து நிமிஷம் விடுங்க. முத்து மாதிரி நின்னா கோட்டிங் நல்லா இருக்கு, மரம் கறுத்தா கோட்டிங் போயிடுச்சு.

வெள்ளை வட்டம் பெரும்பாலும் சூடான பாத்திரம் வச்சது, கோட்டிங்குக்குள்ள மட்டும்தான் இருக்கும், லேசா பாலிஷ் பண்ணினா போயிடும். கறுப்புக் கறை மரத்துக்குள்ள இறங்கினது, ஈரமும் இரும்பும் சேர்ந்தா வரும், பூந்தொட்டி இரும்பு ஸ்டாண்டு, கட்டில் கால் மாதிரி. கோட்டிங்க எடுத்துட்டு ஆக்ஸாலிக் ஆசிட் போட்டா வெளுக்கும், ஆனா அது விஷம், கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமத் தொடாதீங்க, பிள்ளைங்கள வெளிய அனுப்பிடுங்க. மெர்பாவ் மேல தண்ணி நின்னா செம்பழுப்புச் சாயம் கசியும், அது மரத்தோட இயல்பு, கெட்டுப் போகல.

நம்ம வீடுகள்ல மட்டும் பாக்கற ஒண்ணு, சாமி மேடைக்கு முன்னாடி மட்டும் வார்னிஷ் உரியறது. குத்துவிளக்கு எண்ணெய் வருஷக் கணக்குல சிந்தி மரத்துக்குள்ள இறங்கிருக்கும், அது மேல எத்தனை கோட் அடிச்சாலும் பிடிக்காது. தின்னர்ல துணி நனைச்சுத் திரும்பத் திரும்பத் துடைச்சு, துணியில எண்ணெய்க் கறை வர்றது நிக்கணும், அப்புறம்தான் சேண்டிங். விளக்க அணைச்சுட்டு, ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சுட்டு செய்யுங்க, தின்னர் ஆவி நெருப்ப எட்டிப் பிடிக்கும். வேலை முடிஞ்சதும் விளக்குக்கு அடியில அகலமா ஒரு பித்தளைத் தாம்பாளம் வச்சுடுங்க.

## தூள் கொட்டுது, ஓட்டை இருக்கு, மண் கோடு ஏறுது

புபுக்கா (மரத்தத் துளைக்கற சின்ன வண்டு) கரையானான்னு பிரிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மைதா மாவு மாதிரி நைசான தூள், பக்கத்துல குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைன்னா புபுக். ரப்பர் மரத்துலயும், மத்த மரத்தோட வெளிர் நிற ஓரத்துலயும்தான் அதிகமா வரும், செங்கால், மெர்பாவ் நடு மரத்துல நான் பார்த்ததில்ல. தூள வேக்யூம் பண்ணிட்டு ஒவ்வொரு ஓட்டையச் சுத்தியும் பென்சில்ல வட்டம் போட்டு தேதி எழுதி வைங்க. ஒரு மாசம் கழிச்சு புதுத் தூளும் வட்டம் இல்லாத புது ஓட்டையும் இல்லன்னா பழைய கதை, புட்டி அடைச்சா போதும். புதுசா இருந்தா அந்தப் பலகைய மாத்தறது நல்லது, மாத்தற பலகை போரான் மருந்து ஏத்தினதான்னு கேட்டு வாங்குங்க.

சுவத்துலயோ ஸ்கர்ட்டிங் ஓரத்துலயோ பென்சில் கனத்துக்கு மண் குழாய், தட்டினா பலகை அட்டைப் பெட்டி மாதிரி கேக்குதுன்னா கரையான். ஸ்ப்ரே டின்ன தூக்கிக்கிட்டு ஓடாதீங்க, தயவு செஞ்சு. நீங்க அடிக்கற மருந்துல முன்னாடி இருக்கற நூறு இருநூறு சாகும், மத்ததெல்லாம் வழிய மாத்திக்கிட்டு உங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல திங்கும், அப்புறம் கரையானுக்கு மருந்து கலந்த தீனிப் பெட்டி வைக்கற ஆளு வந்தா எங்க வைக்கறதுன்னே தெரியாம நிப்பாரு. குழாய உடைக்காம போட்டோ மட்டும் எடுங்க, எங்கெங்க தெரியுதுன்னு டேப் ஒட்டுங்க, பூச்சிக்கொல்லி ஆள அன்னிக்கே கூப்பிடுங்க. அவரு தரையில துளை போட்டு மருந்து இறக்கணும்னு சொன்னா, பாத்ரூம் பைப்பு எந்தப் பக்கமா போகுதுன்னு முதல்லயே காட்டிடுங்க. கரையான் முழுசா நின்னுச்சுன்னு அவரு எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம் என்னைய மாதிரி ஆள கூப்பிடுங்க, அதுவரைக்கும் ஒரு பலகையும் மாத்த வேண்டாம்.